உருகிய ஒயர் இணைப்பு: டிராக்டரில் சரிசெய்யும் முறை

டிராக்டர் வைத்திருக்கும் விவசாயிகள் என்ஜின் ஆயிலைக் காலத்தில் மாற்றுகிறார்கள். ஏர் கிளீனரைச் சுத்தம் செய்கிறார்கள். டயரில் காற்றுப் பார்க்கிறார்கள். ஆனால் பானெட்டுக்குள் ஓடும் ஒயர்களைப் பற்றிய நினைவு, விளக்கு அணைந்த பிறகுதான் வருகிறது. அறுவடைக் காலத்தில் இரவு பத்து மணிக்கு, வைக்கோல் ஏற்றிய டிரெய்லருடன் சாலையில் நிற்கும்போது முன்விளக்கு போனால் அது சிறு பழுது அல்ல. எதிரே வரும் வண்டிக்கு டிராக்டர் இருப்பதே தெரியாது. பானெட்டைத் திறந்து பார்த்தால் இரண்டு ஒயர்த் தொகுப்புகளைச் சேர்க்கும் பிளாஸ்டிக் கூடு பழுப்பேறி, ஒரு பக்கம் உருகி வழிந்திருக்கும். கடைகளில் இதற்குக் ‘கப்ளர்’ என்று பெயர்.

இந்த நேரத்தில் பெரும்பாலோர் செய்வது ஒன்றுதான். உருகிய கப்ளரை வெட்டி எறிந்துவிட்டு, ஒயர்களை நேருக்கு நேர் முறுக்கி, மேலே டேப் சுற்றிவிடுவார்கள். விளக்கு எரியும், வண்டி வீடு போய்ச் சேரும். அந்த ஒரு இரவுக்கு அது போதும். ஆனால் அதையே நிரந்தரமாக விட்டுவிட்டால், உருகியதற்கான காரணம் அப்படியே இருக்கும். டீசல் குழாய்க்குப் பக்கத்தில் ஒரு சூடான முடிச்சு உட்கார்ந்திருக்கும். பின்னால் வைக்கோல் பாரம் இருக்கும். ஆகவே உருகிய இணைப்பைச் சரிசெய்வது என்றால் புதிய கப்ளர் போடுவது மட்டும் அல்ல. அது ஏன் உருகியது என்று கண்டு அந்தக் காரணத்தையும் நீக்குவதாகும்.

உருகுவது ஏன்?

மின்சாரம் ஓடும் வழியில் எங்கே தடை இருக்கிறதோ, அங்கே வெப்பம் பிறக்கும். இந்த வெப்பத்தின் அளவு, மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப உயரும் என்று இங்கிலாந்தைச் சேர்ந்த ஜேம்ஸ் ஜூல் 1841-இல் எழுதி வெளியிட்டார். அதாவது மின்னோட்டம் இரண்டு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்காகும்.

டிராக்டர் கணக்கில் இதைப் பார்க்கலாம். முன்விளக்கு ஒன்று 60 வாட், பாட்டரி 12 வோல்ட் என்றால் அந்த விளக்கு 5 ஆம்பியர் இழுக்கும். இரண்டு விளக்குக்கும் 10 ஆம்பியர். இந்த 10 ஆம்பியரும் ஒரே கப்ளர் முள் வழியாகப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். முள் பளபளப்பாகவும் கவ்வி இறுக்கமாகவும் இருந்தால் அங்கே தடை ஓர் ஓமில் ஆயிரத்தில் சில பங்குதான். 0.005 ஓம் என்றால் அரை வாட் வெப்பம் உண்டாகும். அது காற்றோடு போய்விடும். அதே இணைப்பு தளர்ந்து, களிம்பு பிடித்துத் தடை 0.1 ஓம் ஆகிவிட்டால், சுமார் எட்டரை வாட் வெப்பம் விரல் நுனி அளவுள்ள பிளாஸ்டிக் கூட்டுக்குள் அடைபட்டு நிற்கும். சாதாரண பி.வி.சி. மேலுறை நீண்ட காலம் தாங்கக்கூடியது 70 டிகிரி செல்சியஸ் வரைதான். கூடு உருகுவதில் வியப்பில்லை.

சூடு ஏறினால் கவ்வியின் விறைப்பும் போய்விடும். விறைப்புப் போனால் பிடி தளரும். பிடி தளர்ந்தால் சூடு இன்னும் ஏறும். எனவேதான் பல மாதங்கள் பழுப்பு நிறத்தில் இருந்த கப்ளர், பிறகு ஒரே இரவில் உருகிவிடுகிறது.

பியூஸ் காப்பாற்றாதா?

‘பியூஸ் இருக்கும்போது எப்படி உருகும்?’ என்று பலர் கேட்பதுண்டு. அளவுக்கு மீறிய மின்னோட்டம் ஓடினால்தான் பியூஸ் போகும். தளர்ந்த இணைப்போ மின்னோட்டத்தைக் கூட்டுவதில்லை, குறைக்கிறது. மேலே சொன்ன கணக்கில் 10 ஆம்பியர் ஓட வேண்டிய இடத்தில் 9.2 ஆம்பியர்தான் ஓடும். பியூசுக்கு எந்தக் குறையும் தெரியாது. ஆகவே தளர்ந்த இணைப்பின் சூட்டிலிருந்து பியூஸ் காப்பாற்றாது. கண்ணும் கையும்தான் காவல். உருகிய கூட்டுக்குள் இரண்டு ஒயர்கள் ஒன்றையொன்று தொட்டு ஷார்ட் ஆன பிறகே பியூசின் வேலை தொடங்குகிறது.

வயல் வேலையில் வரும் கேடுகள்

காரைவிட டிராக்டரில் இந்தத் தொல்லை அதிகம். கேஜ் வீல் போட்டுச் சேற்றுழவு செய்யும்போது சேறும் நீரும் மேலே தெறிக்கின்றன. உர மூட்டை ஏற்றும்போது சிந்தும் உப்புத் தூள் ஈரத்தோடு சேர்ந்து செம்பை அரிக்கிறது. ரோட்டவேட்டர் ஓடும்போது ஏற்படும் அதிர்வு, பிடிகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துகிறது. சர்வீஸ் நிலையத்தில் அழுத்தமாக நீர் பாய்ச்சிக் கழுவும்போது கப்ளருக்குள் நீர் புகுந்து நின்றுவிடுகிறது. செம்புக் குடத்தில் பிடிப்பது போன்ற பச்சைக் களிம்பு முள்ளிலும் பிடிக்கிறது.

இவற்றோடு சேர்வது கூடுதல் பாரம். இரவு உழவுக்காக 55 வாட் விளக்குகள் இரண்டைப் பின்பக்கம் பொருத்தி, அவற்றின் ஒயரை முன்விளக்கு ஒயரிலேயே சேர்த்துவிட்டால் 10 ஆம்பியர் ஓடிய வழியில் 19 ஆம்பியர் ஓடும். வெப்பம் ஏறக்குறைய மூன்றரை மடங்காகும். 60 வாட் பல்புக்குப் பதில் 100 வாட் பல்பு போட்டாலும் இதே கதைதான்.

எங்கே பார்க்க வேண்டும்?

முன்விளக்குப் பல்பின் பின்புறமுள்ள மூன்று முள் ஹோல்டர், சாவி சுவிட்சின் பின்புறம், விளக்கு சுவிட்ச், பியூஸ் பெட்டி, ஆல்டர்நேட்டரிலிருந்து பாட்டரிக்குப் போகும் தடித்த ஒயரின் முனை, டிரெய்லர் சாக்கெட் ஆகிய இடங்களை முதலில் பார்க்க வேண்டும். பலர் மறப்பது எர்த் இணைப்பை. விளக்குக்குப் போன மின்சாரம் முழுவதும் எர்த் வழியாகத்தான் பாட்டரிக்குத் திரும்புகிறது. பெயிண்ட் மேலேயோ துருவின் மேலேயோ எர்த் போல்ட்டை முடுக்கியிருந்தால் அங்கேயும் சூடு உண்டாகும்.

விளக்கு மங்கலாக எரிவது, குழியில் இறங்கி ஏறும்போது கண் சிமிட்டுவது, எரிந்த பிளாஸ்டிக் நாற்றம், பழுப்பேறிய கூடு, விறைத்து வெடித்த ஒயர் மேலுறை ஆகியவை முன்னறிவிப்புகள். இணைப்பில் ஒரு வோல்ட் வீணானாலே ஹாலோஜன் பல்பின் வெளிச்சத்தில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு போய்விடும். எனவே ‘பல்பு மங்கிவிட்டது’ என்று பல்பை மாற்றும் முன் இணைப்பைப் பார்ப்பது நல்லது.

மல்டிமீட்டர் இருந்தால் சோதனை எளிது. விளக்கை எரியவிட்டு, மீட்டரை டி.சி. வோல்ட்டில் வைத்து, ஒரு முனையைக் கப்ளருக்கு முன்னும் மற்றதைப் பின்னும் அதே ஒயரில் வைக்க வேண்டும். 0.1 வோல்ட்டுக்குக் குறைவாகக் காட்டினால் இணைப்பு நன்றாக இருக்கிறது. அரை வோல்ட், ஒரு வோல்ட் என்று காட்டினால் அந்த இணைப்பு கெட்டுவிட்டது. மீட்டர் இல்லாதவர்கள் பத்து நிமிடம் விளக்கை எரியவிட்டு, பிறகு கப்ளர்களைப் புறங்கையால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்கலாம். மற்றவை குளிர்ந்திருக்க ஒன்று மட்டும் சுட்டால் அதுதான் கெட்ட இணைப்பு. இந்தச் சோதனையை என்ஜினை நிறுத்திவிட்டுச் செய்ய வேண்டும்.

தேவையான பொருட்கள்

அதே எண்ணிக்கை முள் உள்ள புதிய கப்ளர் ஒரு ஜோடி, அதற்குரிய செம்பு அல்லது பித்தளை டெர்மினல்கள், பல இழை கொண்ட ஆட்டோ ஒயர், சூடு காட்டினால் சுருங்கும் ஸ்லீவ், டெர்மினல் அழுத்தும் கிரிம்பிங் பிளேயர், மெல்லிய ஸ்குரூ டிரைவர், கொஞ்சம் வாசலின் ஆகியவை போதும். ஆட்டோ எலெக்ட்ரிக் கடைகளில் இவை கிடைக்கும். பழைய கப்ளரைக் கையோடு கொண்டுபோய் ஒப்பிட்டு வாங்க வேண்டும்.

வீட்டு மின்சாரத்துக்குப் போடும் ஒற்றைக் கம்பி ஒயரை டிராக்டரில் போடக் கூடாது. அதிர்வில் அது உள்ளேயே ஒடிந்துவிடும்.

செய்முறை

1. என்ஜினை நிறுத்திச் சாவியை எடுத்துவிட்டு, முதலில் பாட்டரியின் எர்த் முனையைக் கழற்ற வேண்டும். பெரும்பாலான டிராக்டர்களில் அது மைனஸ் முனை. பிளஸ் முனையை முதலில் கழற்றினால் ஸ்பானர் வண்டியின் இரும்பில் பட்டுத் தீப்பொறி பறக்கும். திரும்ப மாட்டும்போது எர்த்தைக் கடைசியாக மாட்ட வேண்டும். கையில் மோதிரம், உலோகப் பட்டைக் கடிகாரம் இருந்தால் கழற்றிவிட வேண்டும்.

2. எந்த நிற ஒயர் எந்தத் துளையில் இருக்கிறது என்று தாளில் வரைந்துகொள்ள வேண்டும். கைபேசியில் படம் எடுத்துக்கொண்டாலும் சரி. வெட்டிய பிறகு நினைவை நம்பக் கூடாது.

3. கப்ளரைப் பிரித்து இரண்டு பக்கத்தையும் பார்க்க வேண்டும். ஒரு பக்கம்தான் உருகியிருந்தாலும் இரண்டு பக்க டெர்மினலையும் மாற்ற வேண்டும். சூடு பட்ட முள்ளோடு புதிய கவ்வியைச் சேர்த்தால் அதுவும் சில மாதங்களில் கெட்டுவிடும்.

4. ஒயரைப் பளபளப்பான செம்பு தெரியும் வரை வெட்டிக்கொண்டே போக வேண்டும். சூடு பட்ட செம்பு கறுத்திருக்கும். அதில் டெர்மினலும் பிடிக்காது, ஈயமும் ஒட்டாது. ஒயர் நீளம் குறைந்தால் அதே தடிப்பிலோ அதைவிடத் தடிப்பிலோ துண்டு ஒயர் சேர்க்கலாம். பல ஒயர்களில் துண்டு சேர்க்கும்போது எல்லா ஒட்டும் ஒரே இடத்தில் வராமல் முன்னும் பின்னுமாக அமைக்க வேண்டும்.

5. ஸ்லீவ் தேவைப்படும் இடத்தில் அதை முதலிலேயே ஒயரில் கோத்துக்கொள்ள வேண்டும். பிறகு ஒயரின் மேலுறையை ஆறேழு மில்லிமீட்டர் அளவுக்கு உரிக்க வேண்டும். இழைகள் அறுபடக் கூடாது. பத்து இழையில் மூன்று அறுந்தால் அந்த இடத்தில் ஒயர் மெலிந்ததாகவே பொருள்.

6. டெர்மினலில் இரண்டு ஜோடிக் காதுகள் இருக்கும். முன் ஜோடி செம்பு இழைகளையும் பின் ஜோடி மேலுறையையும் பிடிக்க வேண்டும். பின் பிடிதான் அதிர்வைத் தாங்குகிறது. இதற்கென உள்ள கிரிம்பிங் பிளேயரால் அழுத்த வேண்டும். கட்டிங் பிளேயரால் நசுக்கினால் பிடி பாதிதான் இருக்கும். அழுத்திய பிறகு ஒயரைக் கையால் நன்றாக இழுத்துப் பார்க்க வேண்டும். கழன்று வந்தால் புதிய டெர்மினலில் மீண்டும் செய்ய வேண்டும்.

7. கிரிம்பிங் சரியாக இருந்தால் ஈயப் பற்று தேவையில்லை. துண்டு ஒயர் சேர்க்கும் இடத்தில் பற்றவைப்பதானால் ரோசின் கலந்த ஈயத்தையே பயன்படுத்த வேண்டும். அமிலப் பசை நாளடைவில் செம்பைத் தின்றுவிடும். ஈயம் ஏறிய இடம் விறைத்துப்போய், அதன் விளிம்பில் ஒயர் ஒடியும். எனவே அந்த இடம் ஆடாதபடி ஸ்லீவ் போட்டுக் கட்ட வேண்டும்.

8. டெர்மினலைக் கப்ளரின் உரிய துளையில் ‘டக்’ என்று சத்தம் கேட்கும் வரை தள்ள வேண்டும். பின்னால் இழுத்தால் வரக் கூடாது. முள்ளில் மிக மெல்லியதாக வாசலின் தடவினால் ஈரம் அண்டாது. இரண்டு கூட்டையும் சேர்த்துப் பூட்டு விழுகிறதா என்று பார்க்க வேண்டும்.

9. ஒயர்த் தொகுப்பு சைலன்சர், பேன் பெல்ட், கூர்மையான தகடு, டீசல் குழாய் ஆகியவற்றில் படாமல் விலக்கிக் கட்ட வேண்டும். கப்ளரின் மேல் இழுப்பு விழாதபடி இரு பக்கமும் கொஞ்சம் தொய்வு விட வேண்டும்.

10. பாட்டரியை மாட்டி, கால் மணி நேரம் விளக்கை எரியவிட்டு, மறுபடியும் கையாலோ மீட்டராலோ சோதிக்க வேண்டும். இந்தச் சோதனையில் தேறினால்தான் வேலை முடிந்தது.

அதே கப்ளர் கிடைக்காவிட்டால், அதே எண்ணிக்கை முள்ளும் அதே ஆம்பியர் தாங்கும் திறனும் உள்ள வேறு கப்ளரை இரு பக்கமும் போட்டுவிடலாம்.

ரிலே போட்டால் தொல்லை தீரும்

கூடுதல் விளக்கால்தான் உருகியது என்றால், புதிய கப்ளரும் உருகத்தான் செய்யும். அங்கே ரிலே போட வேண்டும். மோட்டார் ஸ்டார்ட்டரில் சிறு பட்டனை அழுத்தினால் பெரிய மின்சாரம் இணைவதைப் போலத்தான் ரிலேயும் வேலை செய்கிறது. சுவிட்ச் வழியாக ரிலேயின் சுருளுக்கு மிகச் சிறிய மின்னோட்டமே போகும். விளக்குக்கு வேண்டிய முழு மின்னோட்டமும் பாட்டரியிலிருந்து தனி ஒயரில் போகும்.

ரிலேயில் நான்கு முனைகளுக்கு எண் போட்டிருக்கும். 30 என்பது பாட்டரியிலிருந்து பியூஸ் வழியாக வரும் ஒயருக்கு, 87 விளக்குக்கு, 86 சுவிட்சிலிருந்து வரும் ஒயருக்கு, 85 எர்த்துக்கு. 55 வாட் விளக்கு இரண்டுக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயரும் 15 ஆம்பியர் பியூசும் போதும். பியூசைப் பாட்டரிக்கு எவ்வளவு அருகில் முடியுமோ அவ்வளவு அருகில் வைக்க வேண்டும். பியூசுக்கும் பாட்டரிக்கும் இடையில் உள்ள ஒயருக்குப் பாதுகாப்பு இல்லை என்பதே காரணம்.

செய்யக் கூடாதவை

பியூஸ் அடிக்கடி போகிறது என்று பெரிய பியூஸ் போடக் கூடாது. சிகரெட் பெட்டியின் வெள்ளித் தாளையோ செம்பு இழையையோ பியூசில் சுற்றக் கூடாது. அப்படிச் செய்தால் பியூசுக்குப் பதில் ஒயரே எரியும்.

செம்புக் குடத்துக்குப் புளி போட்டுத் தேய்ப்பதுபோல் முள்ளைப் புளியால் தேய்க்கும் வழக்கம் சிலரிடம் உண்டு. அப்போதைக்கு முள் பளபளக்கும். ஆனால் இடுக்கில் தங்கும் புளிப்பு, அரிப்பை மேலும் வளர்க்கும். இலேசான களிம்பை நைசான உப்புத் தாளால் தேய்த்து, துணியால் துடைத்து, வாசலின் தடவுவதே சரி.

என்ஜின் ஓடும்போது பாட்டரி ஒயரைக் கழற்றக் கூடாது, ஆல்டர்நேட்டர் கெட்டுவிடும். டிராக்டரிலோ அதில் மாட்டிய கருவியிலோ வெல்டிங் வைக்கும் முன் பாட்டரி, ஆல்டர்நேட்டர் இரண்டின் இணைப்பையும் கழற்றிவிட வேண்டும்.

50 குதிரைத் திறனுக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு 2023 ஜனவரி முதல் டிரெம் 4 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி நடைமுறைக்கு வந்தது. அதன்பின் வந்த பல டிராக்டர்களில் டீசல் தெளிப்பை மின்னணுப் பெட்டி கட்டுப்படுத்துகிறது. அந்தப் பெட்டிக்கும் சென்சார்களுக்கும் போகும் ஒயர்களில் கை வைக்காமல் கம்பெனி மெக்கானிக்கிடம் விடுவதே நல்லது. வாரண்டி உள்ள வண்டிக்கும் இதுவே பொருந்தும். ஒரே கப்ளரில் அல்லாமல், ஒயர்த் தொகுப்பு நெடுகிலும் மேலுறை உருகியிருந்தால் துண்டு துண்டாக ஒட்டுப் போடாமல் முழு வயரிங்கையும் மாற்ற வேண்டும்.

புகை வந்தால்

ஓட்டும்போது பிளாஸ்டிக் கருகும் நாற்றம் வந்தால், ‘வீட்டுக்குப் போய்ப் பார்க்கலாம்’ என்று ஓட்டிக்கொண்டு போகக் கூடாது. வைக்கோல் போர், காய்ந்த தாள் நிற்கும் வயல் ஆகியவற்றிலிருந்து விலகி நிறுத்தி, என்ஜினை அணைத்து, கைக்கு எட்டும் நிலையில் இருந்தால் பாட்டரியின் எர்த்தைக் கழற்ற வேண்டும். இதற்காகவே அந்த நட்டுக்குப் பொருந்தும் ஸ்பானர் ஒன்றை இருக்கைக்குப் பக்கத்தில் வைத்திருக்க வேண்டும். டீசல் பட்ட தீயில் தண்ணீர் ஊற்றினால் தீ பரவும். உலர் தூள் தீயணைப்பான் அல்லது மண் போட்டு அணைக்க வேண்டும். தீ பெரிதாகிவிட்டால் வண்டியைக் காப்பாற்ற முயலாமல் ஆட்கள் விலகிவிட வேண்டும்.

ஆண்டுக்கு இரு முறை

உழவுப் பருவம் தொடங்கும் முன் ஒரு முறை, அறுவடைக்கு முன் ஒரு முறை என ஆண்டுக்கு இரண்டு தடவை எல்லாக் கப்ளர்களையும் பிரித்துப் பார்த்து, எர்த் போல்ட்டுகளை முடுக்கி, எலி கடித்த ஒயர் உண்டா என்று கவனித்தால் போதும். சேற்றுழவு முடிந்து வண்டியைக் கழுவும்போது பியூஸ் பெட்டி, டாஷ்போர்டு, ஆல்டர்நேட்டர் ஆகியவற்றின் மேல் நேராக நீர் பாய்ச்சக் கூடாது. பழுப்பேறத் தொடங்கிய கப்ளரைக் கண்டதும் மாற்றினால் ஒரு ஜோடிக் கப்ளரோடு செலவு முடிந்துவிடும். அறுவடை நேரத்தில் வண்டியும் வயலில் நிற்காது.